காலி அறையின் ஒரு நிமிடம்

நான் ஒலி படித்தவள். அதனால் பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை, இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாழடைந்த பங்களாவில் கேட்ட முனகல் என்று வீடியோ போடுகிறார்களே, அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியும், ஒருவர் கொட்டாவி விடுவதைப் பதிவு செய்து மெதுவாக ஓட்டினால் போதும், நானே அப்படி ஒன்று செய்து பரீட்சையில் மார்க் வாங்கியிருக்கிறேன். எந்தச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு ஒயரோ ஒரு மின்விசிறியோ ஒரு மனுசனோ இருந்தே தீரும் என்று போன வருசம் வரைக்கும் எல்லாரிடமும் வாய் கிழியப் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊர் காமயகவுண்டன்பட்டி, அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கோயம்புத்தூரில் ஒரு வருசம் ஒலிப்பதிவுப் படிப்பு படித்தேன். என் விடுதி அறையில் கூட இருந்தவள் ஜெனிபர், போடிக்காரி, கடைவீதியில் அவர்களுக்கு ஜவுளிக்கடை. படிப்பு முடிந்ததும் சென்னை ஸ்டுடியோக்களுக்கு இருவரும் எழுதிப்போட்டோம், ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை. கடைசியில் தேனியில் உரக்கடைக்கு மாடியில் இருந்த ஸ்டுடியோவில் தங்கராசு அண்ணன் எங்களைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். குச்சனூர் சனீஸ்வரன் பாட்டு, சர்ச் பாட்டு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற நகைக்கடை விளம்பரம், எல்லாம் அங்கேதான் பதிவாகும்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "மூணு மாசம் ரெண்டு பேரும் இருங்க ஆத்தா. அதுக்கு மேல ஒருத்தரைத்தான் வச்சுக்க முடியும். ரெண்டு பேருக்கு இங்கன வேலை கெடையாது."

எனக்கு அந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த தையில் கல்யாணம், வீட்டில் பேசி முடித்த மாதிரிதான். ஜெனிபருக்கு அப்படி இல்லை, ஜவுளிக்கடை இருக்கிறது, செல்லம் கொடுக்கிற அம்மா இருக்கிறார். இது எனக்கு மட்டும் வேண்டியது, அவளுக்கு எதற்கு என்று நான் நினைத்தது தப்பு என்று அன்றைக்கு நீங்கள் சொல்லியிருந்தால் உங்களோடு சண்டைக்கே வந்திருப்பேன்.

பொறாமைதான், வேறு என்ன. நான் விடியுமுன்னே டவுன் பஸ் பிடித்துக் கம்பம் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் நின்றுகொண்டே தேனி வந்து சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அவள் போடியிலிருந்து அரை மணி நேரத்தில் பூப்போல வந்து இறங்குவாள். நான் சீக்கிரம் கிளம்பிவிடுவதால் சாப்பாடு கட்ட முடியாது என்று எனக்கும் சேர்த்து இரண்டு டப்பாவில் சோறு கொண்டுவருவாள். அந்தச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டுத்தான் வயிறெரிந்தேன்.

அவளுடைய காது அப்படி. தெருவில் போகிற பஸ் கம்பம் பஸ்ஸா போடி பஸ்ஸா என்று பார்க்காமலே சொல்வாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து குரலையும் இசையையும் கலந்து வைத்த பாட்டை ஒரு தரம் கேட்டுவிட்டு, "மகேசு, அடியில ஒரு இரைச்சல் ஓடுதுடி, பக்கத்துக் கடை ஏசியா இருக்கும்" என்பாள். போய்ப் பார்த்தால் ஏசி ஓடும். இதை அவள் திமிராகச் சொன்னால்கூடப் பரவாயில்லை, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வாள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். தங்கராசு அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பதிவுக்கும் முன்னால் பாடுகிற அறையைக் காலி செய்து, மின்விசிறி, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, இரண்டு கதவையும் சாத்தி, அந்த வெறும் அறையை ஒரு நிமிடம் பதிவு செய்ய வேண்டும். பாட்டில் இருமலையோ மூச்சையோ வெட்டி எடுத்தால் அந்த இடம் செத்துப்போன மாதிரி கேட்கும், அங்கே வைத்துத் தைக்க இந்தக் காலி நிமிடம். பெரிய ஸ்டுடியோக்களிலும் செய்வதுதான். ஆனால் இவர் அதைச் சாமி காரியம் மாதிரி செய்வார், செருப்பு வெளியே, கொலுசு கழற்றி மேசை மேல், பதிவு ஓடும்போது இந்தப் பக்கம் மிசினில் உட்கார்ந்திருக்கிற ஆளும் அசையக்கூடாது. "வாயை மூடுனாப் பத்தாது ஆத்தா, மனசையும் மூடு" என்பார். பதிந்த எதையும் அழிக்கக்கூடாது என்பதும் அவர் சட்டம்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகல். மறுநாள் குச்சனூரில் கூட்டம் இருக்கும் என்று ஒரு பாட்டை அவசரமாக முடிக்க வேண்டியிருந்தது. காலையில்தான், பாட்டைப் பதியக் கொடுத்தவர்கள் நாலு பேர் முன்னால், நான் செய்து வைத்திருந்த இசையில் ஜெனிபர் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருந்தாள். அண்ணன் அவள் தலையில் தட்டிக்கொடுத்து, "காதுன்னா இது காது. நீயும் பழகிக்க மகேசு" என்றார். நான் சிரித்தேன், எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு பாட்டுக்காரரை அழைத்துவர அண்ணனும் ஜெனிபரும் கீழே போனார்கள், என்னைக் காலி நிமிடம் எடுத்து வைக்கச் சொன்னார்கள்.

எல்லாம் அணைத்தேன், கதவைச் சாத்தினேன், சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். எதிர் நாற்காலியில் அவளுடைய ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒன்று நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான், சத்தியமாக உதடுகூட அசையவில்லை. 'அந்தக் காது ஒண்ணு அடைச்சுப் போனாத்தான் என்ன.'

ஒரு நிமிடம் முடிந்தது. சுத்தமாக வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது வழக்கம், ஹெட்போனை மாட்டினேன். நாற்பது விநாடி வரைக்கும் ஒன்றுமில்லை. அதற்கப்புறம், நம்பினால் நம்புங்கள், என் குரல். காதோரத்தில் நின்று சொல்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், அந்த வாக்கியம் முழுசாக.

மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே குரல். இடது காதில் மட்டும் கேட்டது. அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு மைக், ஒரு மைக்கில் எடுத்தது இரண்டு காதிலும் ஒரே மாதிரிதான் கேட்க வேண்டும். ஹெட்போன் பழுது என்று நினைத்து அதைத் திருப்பி மாட்டினேன், வலதை இடதாக. பழுது என்றால் குரல் வலது காதுக்குப் போயிருக்க வேண்டும் இல்லையா. போகவில்லை. அதே இடது காதில்தான் சொன்னது. திரையில் பார்த்தால் கோடு நூல் பிடித்த மாதிரி நேராகக் கிடக்கிறது, சத்தம் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அழிக்கக்கூடாது என்ற சட்டம் இருந்ததால் அதை ஒரு ஓரமாகச் சேமித்துவிட்டு இன்னொரு நிமிடம் எடுத்தேன், அது சுத்தமாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன கேட்டது என்று கேட்பார்களே.

திங்கட்கிழமை காலையில் ஜெனிபர் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"இடது காது அடைச்ச மாதிரியே இருக்குடி மகேசு. உள்ள ஒரு விசில் அடிக்குது."

அந்தக் குரல் எனக்குக் கேட்டதும் இடது காதில்தான். அந்த இடத்தில், வாடி, இப்பவே டாக்டர்கிட்ட போவோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரக் கடைசியில்தான் இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டைக் கலந்து அண்ணனிடம் காட்ட வேண்டிய பரீட்சை. நான் சொன்னேன், "சளியா இருக்கும்டி. ஆவி பிடி, சரியாப் போகும்."

அவள் என் பேச்சைக் கேட்டாள். ஐந்து நாள் ஆவி பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு பாட்டைக் கலந்தாள். சனிக்கிழமை அதைப் போட்டுக் காட்டியபோது பாட்டு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அண்ணன் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அவள் அழுதுவிட்டாள். அன்றைக்கே மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். சில பேருக்கு இப்படி வரும், காரணம் சொல்ல முடியாது, முதல் ரெண்டு நாளிலேயே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இடது காது போய்விட்டது.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாக" என்றார் அண்ணன். நான் தரையைப் பார்த்தேன். வேலை எனக்குத்தான் என்று அவர் சொன்ன அன்றைக்குப் பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தது, கம்பம் வரும்வரைக்கும் சந்தோசமாக இருந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நாலு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஜெனிபர் ஸ்டுடியோவுக்கு வந்தாள், கையில் அதே இரண்டு டப்பா. ஜவுளிக்கடையில் உட்காருகிறேன் என்றாள், இளைத்திருந்தாள். ஹெட்போனைப் பார்த்ததும், "ஒரு தடவை மாட்டிக்கிறேன்டி" என்றாள். ஒரு பாட்டைப் போட்டேன், "வலது மட்டுந்தான்" என்று சிரித்தாள். கொஞ்ச நேரம் அவள் இஷ்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று நான் கீழே டீ வாங்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அவள் வலது பக்கத்தைக் காதிலிருந்து இறக்கிவிட்டு, இடது பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த நேர்க்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்தெட்டுப் பதிவு இருந்தது அந்த மிசினில், அவள் அதைத்தான் எடுத்திருந்தாள்.

"இது மட்டும் கேக்குதுடி" என்றாள்.

"என்ன கேக்குது?"

அவள் என்னைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி ஒழுங்காக ஆணியில் மாட்டினாள். ஒரு டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "சாப்பிடு, ஆறிப்போகும்."

சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று இன்றைக்குக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் போனதும் அண்ணன் சட்டத்தை மீறி அந்தப் பதிவை அழித்தேன்.

அதற்கப்புறம் ஞாயிறு தோறும் அவளுக்குப் போன் செய்கிறேன். சாப்பிட்டியா, கடையில் வியாபாரம் எப்படி, இவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு நான் நினைத்ததைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தரமும் நினைப்பேன், வாய் வராது. போன மாதம் போடிக் கடைவீதியில் அவள் அம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எல்லார் போனையும் வலது காதுலதான் வைக்கிறா. உன் போன் வந்தா மட்டும் அந்தச் செத்த காதுல வைக்கிறா ஆத்தா. ஏன்டின்னு கேட்டா, மகேசு பேசுறது அதுலதான் நல்லாக் கேக்குதுங்கிறா."

சந்தர்ப்பவசம் என்பீர்கள், பழக்கம் என்பீர்கள், நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். இப்போதெல்லாம் அவளுக்குப் போன் போடுமுன் மின்விசிறியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருகிறேன், மனசில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எண்ணை அழுத்துவேன்.

போன ஞாயிறும் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டு அழுத்தினேன். முதல் மணி அடிக்கும்போது, இன்றைக்காவது அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது, இரண்டாவது மணியில் எடுத்தாள். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

"சரிடி, விடு" என்றாள். "அதான் சொல்லிட்டேல்ல."