மூன்று பேர் அங்கிருந்து, மூன்று பேர் இங்கிருந்து

இந்த ஊரில் பால் வாங்கப் போனால் எனக்குத் துணைக்கு ஓர் ஆள் வருவார். கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்ததும் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். நான் ரொட்டிப் பக்கம் போனால் அவரும் ரொட்டிப் பக்கம், தயிர்ப் பக்கம் திரும்பினால் அவரும் தயிர்ப் பக்கம். உத்தமபாளையத்தில் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட இப்படி ஒட்டிக்கொண்டு தோழன் வர மாட்டான். இதை இந்த நாட்டு உபசாரம் என்று நம்பி, முதல் மாதம் முழுக்க அவருக்கு வணக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் உடன் வேலை பார்ப்பவர்தான் விஷயத்தை உடைத்தார். "உன்னை ரோமா என்று நினைத்திருப்பான். அவர்கள் திருடுவார்கள் என்று இங்கே ஒரு நினைப்பு." அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் கேட்டார். "ஏலே சாகுலு, அங்கன ஒன்னைய நல்லாப் பாத்துக்கிறாகளா?"

"பாத்துக்கிட்டேதாம்மா இருக்காக" என்றேன். அம்மா நிம்மதியாகப் போனை வைத்தார்.

நான் இருப்பது கிழக்கு ஸ்லோவாக்கியாவில் ஒரு சிறு நகரம். 2008இல் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் பார்க்க வந்தேன். நகரம் முடிந்து ஓடையைத் தாண்டினால், ஜிப்சிகள் என்று வெளியார் சொல்லும் ரோமாக்களின் குடியிருப்பு. இவர்கள் முன்னோர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கிளம்பி வந்தவர்கள் என்கிறார்கள். வந்து இத்தனை தலைமுறையாகியும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். சனி, ஞாயிறுகளில் எனக்கு வாய் திறக்க ஆள் கிடையாது. அறையில் நானே சமைத்து, நானே குறை சொல்லிச் சாப்பிட்டுவிட்டு ஓடைக்கரையில் நடப்பேன். அப்படி நடந்தபோதுதான் இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி அவர்கள் வாலிபால் ஆடுவதைப் பார்த்தேன். பந்து என்னிடம் வந்தது, திருப்பி அடித்தேன். அணித்தலைவி யோலானாவுக்குப் பத்தொன்பது வயதிருக்கும். அவள் தலையை அசைத்து உள்ளே கூப்பிட்டாள். என்னுடைய ஓட்டை ஸ்லோவாக் அங்கே போதுமானதாக இருந்தது. அவள் தம்பி திபோர் என்னை அண்ணா என்றே கூப்பிட ஆரம்பித்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

ஊரில், எங்கள் உத்தமபாளையம் பக்கத்திலும் வாலிபால் என்றால் உயிர். அறுவடை முடிந்த வயலில் கம்பம் நட்டு, குழல்விளக்குக் கட்டி ஆடுவோம். பரிசு ஒரு சுழற்கோப்பை, அதற்கு நடக்கும் சண்டை சொல்லி மாளாது. வெளியூர் ஆட்டக்காரனை இரவல் வாங்கி இறக்கிவிடக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு ரேஷன் கார்டு கொண்டுவரச் சொல்வார்கள். வியர்வையில் நனையாமல் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்போம். எங்களோடு ஆடியவர்களில் செல்வம்தான் பெரிய அடிக்காரன். காலனிக்காரன். ஒரு கிராமத்துப் போட்டியில் அவன் கார்டைப் புரட்டிப் பார்த்த பெரியவர், திருப்பி அவன் கையிலேயே கொடுத்தார்.

"ஊரு பேரு சரியாத்தாம்ப்பா போட்டிருக்கு. ஆனா ஒங்க ஆளுக தனி டீமாத்தான் வரணும்னு பேசி வச்சிருக்காக."

செல்வம் கார்டை மறுபடியும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டான். அன்றைக்கு ஐந்து பேராக ஆடித் தோற்றோம். எனக்கு இன்றைக்கும் அந்தப் பெரியவர் மேல் ஆத்திரம்தான்.

இங்கே வந்த போட்டி வேறு மாதிரி. ஒரு பள்ளி ஆசிரியை, பெயர் சுசானா, நல்ல மனுஷி. இரண்டு பக்கத்து இளைஞர்களும் சேர்ந்து பழகட்டும் என்று ஒரு போட்டி ஏற்பாடு செய்தார். ஒவ்வோர் அணியிலும் நகரத்திலிருந்து மூன்று பேர், குடியிருப்பிலிருந்து மூன்று பேர். ஜெயிக்கும் அணி குளிர்காலம் முழுவதும் பள்ளியின் உள்ளரங்கில் ஆடலாம். பனி விழுந்துவிட்டால் ஓடைக்கரையில் நான்கு மாதம் கால் வைக்க முடியாது. யோலானாவுக்கு அந்த அரங்கு வேண்டும். வேறு எதைப் பற்றியும் அவள் பேசுவதில்லை. ஆனால் போட்டி அன்று யோலானா அணியின் நகரத்துப் பையன்களில் ஒருவன் வரவில்லை, வீட்டில் விடவில்லையாம். சுசானா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் நகரத்தில்தானே குடியிருக்கிறீர்கள்? இறங்குங்கள்."

பெயர் பதியும் மேசையில் இருந்தவர் எங்களை வரிசையாக நிற்க வைத்து முகம் பார்த்தார். "நகரத்துக்கு இரண்டு, குடியிருப்புக்கு நான்கு. ஆட முடியாது."

எல்லோரையும் ஒன்றாக்க வந்த போட்டியில் முதல் வேலையே ஆளைப் பிரிப்பதாக இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. என்னை அவர்களில் ஒருவனாக எண்ணிவிட்டார், எண்ணியது எண்ணியபடியே இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. யோலானா என் முழங்கையில் இடித்தாள். "உன் கார்டைக் காட்டு."

"எதற்கு?"

"எனக்கு அரங்கு வேண்டும். காட்டு."

வசிப்பிட அனுமதி அட்டையை எடுத்து நீட்டினேன். நாடு: இந்தியா. மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். கை குலுக்கினார், மன்னிப்புக் கேட்டார், தன் மகள் யோகா கற்றுக்கொள்வதாகச் சொன்னார். நகரத்துக்கு மூன்று என்று எழுதிக்கொண்டார். நாங்கள் ஆடினோம். யோலானா சர்வீஸ் போட்டால் எதிரணியால் எடுக்க முடியவில்லை. ஜெயித்துவிட்டோம்.

திரும்பி நடக்கையில் யோலானா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "நாங்களும் அங்கிருந்து வந்தவர்கள்தானாம். நீ அந்தப் பெயரைக் காட்டினால் கை கொடுக்கிறான். நாங்கள் எதைக் காட்டுவது?"

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். திபோர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "நன்றி, ஐயா" என்று திருப்பிக் கொடுத்தான். அண்ணாவாக இருந்தவன் ஐயா ஆகிவிட்டேன்.

பனி விழத் தொடங்கிவிட்டது, அரங்கு எங்களுடையது. வாசலில் பள்ளிக் காவலர் நிற்கிறார். தெருவில் போட்டு நடந்த காலணியோடு உள்ளே வரக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் பொதுவான விதி. மாற்றிய காலணியின் அடியைத் தூக்கிக் காட்டச் சொல்லி, யோலானாவையும் மற்றவர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் விடுகிறார். என்னைக் கண்டால் மட்டும் கதவைத் திறந்து பிடிக்கிறார். சென்ற சனிக்கிழமை நானும் வரிசையில் போய் நின்றேன். "நீங்கள் வேண்டாம், நீங்கள் வேண்டாம்" என்று என் தோளைப் பிடித்து வரிசையை விட்டு இழுத்தார். யோலானா சலித்துக்கொண்டாள். "உள்ளே போயேன். நின்று நேரத்தை வீணாக்காதே. போய் வலையைக் கட்டு."

உள்ளே போனேன். அவ்வளவு பெரிய அரங்கில் நான் ஒருவன் மட்டும். வலையின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இழுத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நடந்தேன். விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் முடிச்சுப் போட வேண்டும். வெளியே காலணிகளைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கயிற்றை இரு கையாலும் பிடித்தபடி கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.