கிராசிங்கில் எடுத்த படம்

அந்தப் படத்தில் என் அம்மா அழுகிறாளா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாளா? சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன், இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாள் படத்தோடு ஒட்டிப்போயிருக்கும். ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்தால் 'சர்ர்' என்று ஒரு சத்தமும், பூட்டிவைத்த பீரோவின் புளித்த வாடையும் எழும். உள்ளே புதுச் சாயம் அடித்த ஒரு டீசல் எஞ்சின் நிற்கிறது. அதன் முன்பக்கத்தில், எண் எழுதியிருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டு, அரக்குச் சேலையில் அம்மா நிற்கிறாள். கண்கள் இடுங்கியிருக்கின்றன, கீழுதடு உள்ளே மடிந்திருக்கிறது. முந்தானை நுனியைப் பிடித்த கை கன்னத்துக்குப் போகும் வழியில் நின்றுபோயிருக்கிறது, வியர்வையைத் துடைக்கப் போன கையா, கண்ணைத் துடைக்கப் போன கையா என்பது தெரியவில்லை.

எங்கள் ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, பொள்ளாச்சிக்குப் போகும் ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அது மீட்டர் கேஜ், ஒற்றைத் தடம். அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவுக்கு ரயில் என்றால் 'கிறுக்கு'. நெல் விற்ற காசில் ஒரு கேமரா வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு ஆட்களை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுப்பார். குடும்பத்தைப் படமெடுக்கத்தான் கூட்டிப்போகிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அவர் எடுத்ததெல்லாம் எஞ்சினைத்தான். "ஆள் நின்னாத்தான் அளவு தெரியும்" என்பார். சக்கரத்தின் உயரம் தெரிய என்னை நிறுத்துவார், சிக்னல் கம்பத்தின் உயரம் தெரிய அப்பாவை நிறுத்துவார். படத்தின் பின்புறம் எஞ்சின் எண்ணும் ஸ்டேஷன் பெயரும் அவர் கையெழுத்தில் இருக்கும், நின்ற ஆளின் பெயர் இருக்காது.

அம்மாதான் அவருக்கு அதிகம் கிடைத்த ஆள், ஏனென்றால் அவள் மறுத்துப் பேசமாட்டாள். அவளுடைய ஊர் இடுக்கி மலையில் உடும்பஞ்சோலைப் பக்கம், ஏலத்தோட்டத்தில் வேலை செய்த கிறிஸ்தவக் குடும்பம். ஏலக்காய் வியாபாரத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த அப்பா, வீட்டில் சொல்லாமல் அவளைப் பதிவுத் திருமணம் செய்து அழைத்துவந்தார். கல்யாணப் படம் என்று ஒன்று கிடையாது. எஸ்தர் என்ற பெயரை எங்கள் வீட்டில் ஈஸ்வரி ஆக்கினார்கள். இடுக்கியில் ரயில் கிடையாது என்பதால் 'ரயிலே பாக்காத புள்ள' என்று கேலி செய்தார்கள், அவள் 'வந்தாக', 'சொன்னாக' என்று பேசுவதைத் திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எங்கள் ஆல்பத்தில் இருக்கும் அவளுடைய படங்கள் எல்லாமே ஏதாவது ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் எடுத்தவை. பெரும்பாலானவற்றில் முகம் கடுகளவுதான் இருக்கும்.

அன்றைக்கு அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீடான சித்தப்பா வீட்டில்தான் டெலிபோன் இருந்தது, விடிந்ததும் மலையிலிருந்து வந்த அழைப்பை எடுத்தவர் அவர்தான். கொஞ்ச நேரம் அப்பாவும் அவரும் வைக்கோல் போர் பக்கம் நின்று பேசினார்கள். பிறகு அப்பா அடுக்களை வாசலுக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"உங்கப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்குதாம். தம்பி கூட்டீட்டுப் போவான். அறுப்பாளுகளை விட்டுட்டு இப்ப என்னால வர முடியாது, நாளைக்குக் கெளம்பி வர்றேன்."

"பேச்சு இருக்காமா? யாரு போன் பண்ணுனாக?"

"அதெல்லாம் தெரியல. மொதல்ல நீ கெளம்பு."

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை அந்த வீட்டில் பிறந்த பெண்ணிடம் நேராகச் சொல்வதில்லை. வழியில் அவள் தாங்கமாட்டாள், மயங்கி விழுவாள், கூட்டிப்போகிறவர்களுக்குத் தொந்தரவு. அதனால் 'சீரியஸ்' என்பார்கள். உண்மையிலேயே சீரியஸாக இருந்தால் 'காய்ச்சல்' என்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான், ஆனாலும் தனக்கு வரும்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளே இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் வேண்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது. என் தாத்தா அன்று விடியும் முன்பே போய்விட்டார். அப்பாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும், அறுப்பு வேலைக்கு வந்தவர்களுக்குக்கூட ஏறுவெயிலுக்குள் தெரிந்துவிட்டது. சித்தி வந்து, வழக்கத்துக்கு மாறாகத் தானே அம்மாவின் பையை அடுக்கினாள். அம்மா எடுத்து வைத்திருந்த பூப்போட்ட சேலையை எடுத்துவிட்டு வெளுத்துப்போன இரண்டு சேலைகளை வைத்தாள். அம்மா அதைப் பார்த்தாளா என்பதும் எனக்குத் தெரியாது.

பஸ்ஸில் போனால் ஊருக்கு ஊர் மாறி ஏறவேண்டும், ரயிலில் உட்கார்ந்தால் திண்டுக்கல் வரை கவலையில்லை என்று சித்தப்பாதான் ரயிலைச் சொன்னார். அவர் தோளில் கேமராப் பை இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டார்கள். ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர் எழுந்து நின்று கொடுத்தார். எங்களோடு ஒருநாளும் பேசாத ஒரு பெண், என் கையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்துவிட்டு அம்மாவின் முதுகைத் தடவினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ரயிலில் போகிறவர்களுக்கு இப்படியெல்லாம் மரியாதை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பொள்ளாச்சி தாண்டி, பெயர் நினைவில்லாத ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. ஒற்றைத் தடம் என்பதால் எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்குப் பெயர் 'கிராசிங்'. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்போது கிளம்பும், எப்போது கிளம்பும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து எதிர் வண்டி வந்து பக்கத்துத் தடத்தில் நின்றதும் சித்தப்பா எழுந்தார். அவர் முகம் அன்று காலையிலிருந்து இல்லாதபடி மலர்ந்திருந்தது.

"அண்ணி, ஒரு நிமிசம் எறங்குங்க. இந்த எஞ்சின் நம்ம பக்கம் வர்றதே இல்லீங்க."

அம்மா அவரைப் பார்த்தாள். "வண்டி கிளம்பிராதே தம்பி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய் நின்றாள். நான் ஜன்னலில்தான் இருந்தேன். இத்தனை வருடமாக என்னைத் தின்னும் அந்த முகத்தை நான் நேரில் பார்த்திருக்க முடியும். ஆனால் இடையில் சித்தப்பா நின்றார், எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய முதுகுதான்.

அவளுக்குத் தெரியாது என்று நான் நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழனியில் வண்டி நின்றபோது, தன் அப்பாவுக்கு வாய் கசந்து கிடக்கும் என்று சொல்லி, சாத்துக்குடி வாங்கச் சொன்னாள். சித்தப்பா இறங்கிப் போய், ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துப் பொறுக்கி, ஒரு பை நிறைய வாங்கிவந்து கொடுத்தார். செத்தவருக்குப் பழம் வாங்குகிறோம் என்று தெரிந்த ஒருவர் எப்படி அழுத்திப் பார்த்து வாங்கினார் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் சில சமயம் வேறு மாதிரியும் தோன்றுகிறது: அவளுக்குத் தெரிந்திருக்கும், தெரிந்ததைக் காட்டினால் சித்தப்பா சங்கடப்படுவார் என்று பழம் கேட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான்.

திண்டுக்கல்லில் இறங்கி, பஸ் மாறி, போடியிலிருந்து ஜீப் ஏறி நாங்கள் மலைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் மாதா கோயில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாம் முடிந்து, அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். 'மகளுக்காக நெடுநேரம் பார்த்தோம்' என்று யாரோ சொன்னார்கள். அம்மா பழப்பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

பஸ்ஸில் வந்திருந்தால் முகத்தையாவது பார்த்திருப்பாள் என்று அன்று முதல் நான் நினைக்கிறேன். அது சரியான கணக்கா என்றும் எனக்குத் தெரியாது. எல்லா பஸ்களும் நேரத்துக்குக் கிடைத்திருக்குமா என்ன? குறை சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் நான் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வரும். ஊருக்குத் திரும்பிய பிறகு, படங்கள் கழுவி வந்ததும், சித்தப்பா இந்தப் படத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தார். அவள் சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். "நல்லா விழுந்திருக்கு தம்பி" என்றாள். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அந்த மூன்று வார்த்தைதான்.

நான் எட்டாவது படிக்கும்போது அம்மா இறந்தாள். சுவரில் மாட்டப் படம் வேண்டுமே என்று தேடியபோது, முகம் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் எடுத்தது இது ஒன்றுதான் இருந்தது. ஸ்டுடியோக்காரர் எஞ்சினை வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் நீலம் பூசிக் கொடுத்தார். மாலைக்குள் இருந்து அந்த முகம் இத்தனை வருடமாக என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, ஒன்றாவது படிக்கும் மகள் இருக்கிறாள். கொஞ்ச நாள் முன்பு, கஞ்சிக்கோட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் பிரபு, பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து குடும்ப வாட்ஸப் குழுவில் போட ஆரம்பித்தான். எல்லோரும் உற்சாகமாகப் பேசினார்கள். இது எந்த எஞ்சின், அது எந்த ஸ்டேஷன், அந்தத் தண்ணீர்த் தொட்டி இப்போது இல்லை, அந்தப் புளியமரம் வெட்டியாயிற்று என்று. சித்தப்பா, ரயில் பிரியர்கள் கூடும் வேறொரு குழுவிலும் அவற்றைப் பகிர்ந்தார். கிராசிங் படத்துக்குத்தான் அங்கே பெரிய வரவேற்பு. அந்த எஞ்சின் இப்போது உடைத்து விற்கப்பட்டுவிட்டதாம், அதற்கு வேறு படமே இல்லையாம். ஒருவர் மட்டும், 'சூப்பர் சார், ஆனா அந்த அம்மா நம்பரை மறைச்சுட்டாங்களே' என்று வருத்தப்பட்டிருந்தார்.

மறுநாள் காலை, அம்மா இல்லாத படம் குழுவில் வந்திருந்தது. பிரபு போனிலேயே அவளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் எஞ்சினின் முகப்பை நிரப்பி, எண்ணையும் தெளிவாகப் போட்டிருந்தான். அவள் நின்ற சரளைக்கல் மேல் நிழல்கூட இல்லை. ஒருவர் விடாமல் கைதட்டும் படமும் இதயப் படமும் போட்டிருந்தார்கள், என் அப்பாவும் போட்டிருந்தார். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். குடும்பத்தில் ஒரு சந்தோஷம் நடக்கும்போது நான் ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்று தயங்கினேன். கடைசியில் 'அது எங்கம்மா' என்று மட்டும் அனுப்பினேன்.

பிரபு நல்ல பையன், பதறிவிட்டான். "சாரிக்கா, தப்பா எடுத்துக்காத" என்று குரல் பதிவாக அனுப்பிவிட்டு, சமாதானத்துக்காக இன்னொன்று செய்துகொடுத்தான். அம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கி, கண்ணை விரித்து, சிரிக்கவைத்திருந்தான். வரிசைப் பற்கள். என் அம்மாவுக்கு முன்பல் ஒன்று மேல் ஒன்று ஏறியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது முட்டி வலி, ஸ்டேஷனுக்கெல்லாம் போவதில்லை. படத்தைப் பற்றிப் பேசவந்தேன் என்றதும் எஞ்சினைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"ஏனுங் சித்தப்பா, அப்ப அம்மாவுக்குத் தெரியுமுங்களா, தாத்தா போயிட்டாருன்னு?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு கண்ணு? சொல்லாமக் கூட்டீட்டுப் போறதுதான மொறை."

"நீங்க சொல்லலீங்க, தெரியும். அவுங்களா தெரிஞ்சுக்கிட்டாங்களான்னுதான் கேக்கறேன்."

"தெரிஞ்சிருந்தா எறங்கி வந்து நின்னிருப்பாங்களா?" என்றார். சித்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, என்னிடம் சொல்வதுபோல இல்லாமல் சொன்னார்: "நிக்கச் சொன்னா நிப்பாங்க, அண்ணி."

காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எங்கள் ஊர்ப் பாதை இப்போது அகலப் பாதை. அந்தச் சின்ன ஸ்டேஷன் எது என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டு நானும் என் கணவரும் ஒருமுறை போய்ப் பார்த்தோம். பக்கத்துத் தடம் எடுக்கப்பட்டு, அங்கே வண்டிகள் நிற்பதேயில்லை. 'சீரியஸ்' என்று சொல்லிக் கூட்டிப்போகும் வழக்கமும் போய்விட்டது, சாவுச் செய்தி இப்போது மாலை போட்ட படத்தோடு எல்லோருடைய போனுக்கும் ஒரே நேரத்தில் வந்துவிடுகிறது.

என் கவலை வேறு. மகளின் பள்ளியில் தாத்தா பாட்டி தினம் வருகிறது, இல்லாதவர்கள் படம் கொண்டுவரலாமாம். சுவரில் இருக்கும் படத்தைக் காட்டினேன். "அம்மாயி ஏம்மா அழறாங்க, இது வேண்டாம்" என்றாள். என் போனில் அந்தச் சிரிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, அதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அச்செடுத்து வாங்கித் தன் பென்சில் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள். "அம்மாயி எப்பவும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே இருப்பாங்களா?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், குழந்தை தாங்கமாட்டாள் என்று நானும் ஒன்றை மறைக்கிறேன் என்று உறைத்தது. என் கணவர், 'ஆறு வயதுக் குழந்தைக்கு எதற்கு அந்தக் கதை, சிரித்த முகமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்' என்கிறார். எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரை மாற்றியவர்களும் நல்லதுக்காகத்தான் செய்தார்கள். ஆனால் உண்மை முகம் என்று நான் கொடுக்கப்போவது, ஒருவர் எஞ்சினின் அளவுக்காக நிறுத்திவைத்த முகம்தானே என்று நினைக்கும்போது கை பின்வாங்குகிறது.

குழந்தைகளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். இறந்தவர்கள் பட்ட துக்கத்தை உங்கள் பிள்ளைகளுக்கு எந்த வயதில் சொன்னீர்கள், எப்படித் தொடங்கினீர்கள்? அந்தப் பென்சில் டப்பாவிலிருந்து சிரிக்கும் படத்தை நான் எடுத்துவிடலாமா?