கிருஷாந்தி கேட்ட தண்ணீர்

சுமனுக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. அதிலும் இரத்தம் குடிக்கிற பேய் என்றால் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம், உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பான். ஹட்டனில் அன்ஸார் முதலாளியின் போட்டோ கொப்பிக் கடையில் ஆறு வருடமாக வேலை. பிறப்புச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் மாறி மாறிப் பிரதி எடுத்துக் கொடுக்கிற அதே கையால், கடை ஓய்ந்த நேரத்தில் ஒரு நீலக் கொப்பியில் இரத்தக் காட்டேரிகளின் குலவரலாறு எழுதுவான்.

அவனைக் கெடுத்தது ஒரு விளையாட்டு. வெளிநாட்டில் யாரோ எழுதி இணையத்தில் சும்மா விட்டிருந்த விதிநூலை இறக்கி, முதலாளிக்குத் தெரியாமல் கடைத் தாளிலேயே அச்சடித்து வைத்திருந்தான். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் என்ன செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். ஒருவர் மட்டும் கதைசொல்லி. மற்ற மனிதர், பேய், மழை, கதவு எல்லாமே அவர் பொறுப்பு. கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும், தெரியாது என்று சொல்லக் கூடாது. மூடுபனியும் பாழடைந்த மாளிகையும் அதற்கு அவசியமாம். நல்ல வேளை, எங்கள் ஊரில் அதற்கெல்லாம் அலையத் தேவையில்லை. ஜன்னலைத் திறந்தால் பனி, மேட்டைப் பார்த்தால் வெள்ளைக்காரன் விட்டுப்போன தொரை பங்களா.

ஞாயிறு பின்னேரம் கடை மூடியபின் மேல்மாடியில் விளையாடுவார்கள். முதலாளியின் பிள்ளைகள் ரிஸ்கானும் அப்ராவும்தான் சுமனுக்குக் கூட்டு. அப்ரா தாதிப் பயிற்சி படிப்பவள். விதிநூலை வரிக்கு வரி படித்துவிட்டு வந்து சுமனையே மடக்குவாள்.

அந்த நூலின் கடைசி அத்தியாயம் பிறப்புக் கதைகள். சடங்கு செய்யாமல் புதைத்ததால் எழுந்தவன் ஒரு நாட்டில், பிணத்தைப் பூனை தாண்டியதால் எழுந்தவன் இன்னொரு நாட்டில், பெற்றவர் சாபத்தால் சாக முடியாமல் போனவன் வேறொரு நாட்டில். உங்கள் மண்ணிலிருந்தும் ஒன்றை எடுங்கள், ஆனால் அது எதற்காகக் குடிக்கிறது என்று தெரியாமல் எழுதாதீர்கள் என்று போட்டிருந்தது.

தேயிலைத் தோட்டத்தில் காட்டேரிக்குப் பஞ்சமா? முழுகாமல் இருக்கிற பெண்ணுக்கு ஆற்றோரத்தில் காட்டேரி பூசை கொடுக்காத தொழிலாளர் லயம் எங்கே இருக்கிறது? வயிற்றுப் பிள்ளையையும் தாயின் இரத்தத்தையும் அது குடித்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் குடிக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சுமனுக்கு அது தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், அவனுக்குப் பதினான்கு வயது. றொசல்லவுக்குக் கீழே அவர்களுடைய லயத்தில், நாள் வருமுன்பே அக்கா கிருஷாந்திக்கு வலி கண்டது. வாகனம் வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளையைப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு இரத்தம் நிற்கவில்லை. கொழுந்து லொறியில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் அம்மா நாகலெட்சுமி, கால்மாட்டில் சுமன்.

"அம்மா, தண்ணி" என்றாள் அக்கா.

அம்மாவின் மடியில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, சன்னி கண்டுவிடும் என்பது அங்கே பெண்களுக்கெல்லாம் பாலோடு ஊட்டிய பயம். "பச்ச ஒடம்பு கண்ணு. கொஞ்சம் பொறுத்துக்க. ஆஸ்பத்திரிக்குப் போயிறலாம்" என்று சொல்லி, சேலைத் தலைப்பை நனைத்து உதட்டில் ஒற்றினாள். அக்கா அந்தத் தலைப்பைப் பல்லால் கடித்துச் சப்பினாள். அதைச் சுமன் பார்த்தான். வழி முழுக்கத் தண்ணி தண்ணி என்றாள். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற வளைவில் கேட்பதை நிறுத்தினாள். பிள்ளையும் மூன்றாம் நாள் போய்விட்டது.

பூசை கொடுத்தும் காட்டேரி குடித்துவிட்டது என்று லயத்தில் பேசினார்கள். நாகலெட்சுமி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். குற்றத்தைக் காட்டேரி சுமந்ததால்தான் அவளால் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போக முடிந்தது. போத்தலைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. சுமனும் சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு அம்மா மேல் ஒரு கோபம் இருந்தது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, அவள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைக்கிற ஒவ்வொரு தடவையும் அது தலைதூக்கும்.

அந்தக் கோபத்தைத்தான் நீலக் கொப்பியில் எழுதினான். பெயர் போடவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு. சாமான் வாங்க டவுனுக்கு வந்த நாகலெட்சுமி, மழை பிடித்துக்கொள்ளவே மகனோடு சேர்ந்து போகலாம் என்று மாடிப்படி ஏறினாள். சுமனின் முதுகு படிப்பக்கம் இருந்தது. ரிஸ்கான் மட்டும் அவளைக் கண்டு தலையசைத்து, தாள் பெட்டி மேல் உட்காரச் சொல்லிக் கை காட்டினான். சுமனோ நல்ல வேகத்தில் இருந்தான்.

"இதுதான் காட்டேரியோட பிறப்புக் கதை. பிள்ளை பெத்த ஒருத்திய லொறியில கொண்டு போறாங்க. ஒடம்புல இரத்தமெல்லாம் வடிஞ்சிருச்சு. தண்ணி கேக்குறா. பெத்த அம்மா போத்தல மடியில வச்சிக்கிட்டே குடுக்கல. அந்தத் தாகத்தோட செத்ததாலதான் அவ எந்திரிச்சா. பிள்ளத்தாச்சிங்க இரத்தத்தக் குடிக்கிறா. எவ்வளவு குடிச்சாலும் தாகம் தீராது. அதுதான் சாபம்."

"தண்ணி குடுத்திருந்தா?" என்று கேட்டாள் அப்ரா.

"குடுக்கலியே."

பின்னால் பை விழுந்த சத்தம் கேட்டது. உருளைக்கிழங்குகள் பலகைத் தரையில் உருண்டன. திரும்பிய சுமனுக்கு உயிரே போய்விட்டது. அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ்ஸு போயிரும்" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் பேச்சில்லை. வீட்டிலும் பேச்சில்லை. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், எழுந்து வெளியே போய்விடுவாள். வியாழக்கிழமை சுமன் பொறுக்க முடியாமல், "அம்மா, அது வெளையாட்டுக்கு எழுதினது" என்றான்.

"பன்னெண்டு வருசமா ஒனக்குத் தெரியுமா?" என்றாள் அவள்.

அவன் தலை குனிந்துகொண்டான்.

அடுத்த ஞாயிறு, விளையாட்டே வேண்டாம் என்று ரிஸ்கானிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் படியில் காலடி கேட்டது. நாகலெட்சுமி கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தாள். நேராக வந்து மேசை முன்னால் உட்கார்ந்தாள்.

"இத எப்படி வெளையாடுறது?" என்று ரிஸ்கானைக் கேட்டாள்.

அவன் திணறினான். "நீங்க யாருன்னு சொல்லணும் ஆன்ட்டி. என்ன செய்றீங்கன்னு சொல்லணும். மத்தவங்க என்ன செய்றாங்கன்னு சுமன் சொல்லுவான்."

"நான் அந்த அம்மாவா இருக்கேன்."

"வேணாம்மா" என்றான் சுமன்.

அப்ரா மெதுவாகச் சொன்னாள். "ஆன்ட்டி, இரத்தம் அவ்வளவு போனா தாகம் எடுக்கத்தான் செய்யும். தண்ணி குடுத்திருந்தாலும் காப்பாத்தியிருக்க ஏலாது. உங்க பிழையில்ல."

நாகலெட்சுமி அவளைப் பார்த்தாள். "பொழைக்கிறதுக்கு அவ கேக்கல புள்ள. குடிக்கக் கேட்டா."

அப்ரா மேசையில் கிடந்த பகடைகளை வாரித் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

"லொறி எங்க வந்திருக்கு?" என்றாள் அம்மா.

சுமன் கொப்பியைத் திறந்தான். "றொசல்ல வளைவுக்கு வரப்போகுது."

"போத்தல் மூடியத் தொறக்குறேன். அவ தலையத் தூக்கி மடியில வச்சிக்கிறேன். தண்ணி குடுக்குறேன்." சொல்லும்போதே கை உயர்ந்து, இல்லாத போத்தலைச் சாய்த்துப் பிடித்தது. "அவ என்ன செய்யிறா?"

"குடிக்கிறா."

"பொரை ஏறுதா?"

"இல்லம்மா. மெதுவாத்தான் குடிக்கிறா."

"இன்னும் கேக்குறாளா?"

கொப்பி அவன் முன்னால் திறந்துதான் கிடந்தது. எவ்வளவு குடித்தாலும் தீராது என்று அவனே எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தான். அதை மூடினான். கண்ணீர் வந்து எதுவும் தெரியவில்லை.

"இல்லம்மா. போதும்ங்கிறா."

நாகலெட்சுமி மகனின் முகத்தையே பார்த்தாள்.

"அவ சொல்றாளா, நீ சொல்றியா?"

கேட்டதற்குக் கதைசொல்லி பதில் சொல்லியே ஆக வேண்டும். ரிஸ்கானும் அப்ராவும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.