கார்மெனின் மூன்று விரல்களும் சுங்காய்க் கதவும்

கார்மெனுக்கு வலது கையில் மூன்றே விரல்கள். ஈப்போவில் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் இருந்தபோது ரம்பம் இரண்டைக் கொண்டுபோய்விட்டது. ஆறி வந்தவளைப் பெட்டி கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். "ஓரங்கட்டப் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே வெளியேறினாள். இழப்பீடு வந்ததும் கணினி வழிகாட்ட மரம் செதுக்கும் கை ரவுட்டர் மெஷின் ஒன்றை வாங்கினாள். ஊரே சிரித்தது. சிரிக்கட்டுமே!

பலகையில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நாடாக்களை ஒட்டவேண்டும். மெஷினின் கேமரா அவற்றைப் பார்த்துத்தான் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். திரையில் தெரியும் கோட்டோடு ஆள் தள்ளிக்கொண்டு போகவேண்டும். கை கொஞ்சம் பிசகினால் வெட்டுக்கத்தி தானே திருத்திக்கொள்ளும். ரொம்பப் பிசகினால் மேலே ஏறி நின்றுவிடும். கீலுக்குப் பள்ளம், மேசை விரிசலில் பதிக்கும் துண்டு, வீட்டுப் பெயர்ப்பலகை, எல்லாமே அவளுக்கு மூன்று விரலில் நடந்தது.

அப்படித்தான் சுங்காய் ஊரில் பழைய ரப்பர்த் தோட்டத்து மாதா கோயில் கதவில் திராட்சைக் கொடி செதுக்கும் வேலை வந்தது. ஞாயிறு திருவிழா. நாலு பேர் தூக்கிக் கதவை முற்றத்து பெஞ்சுகளில் கிடத்தினார்கள். கமிட்டித் தலைவர் ஜெயபாலனுக்கு மட்டும் மனசே இல்லை.

"மெஷின்தானே செய்யுது, நீ என்னாம்மா செய்யப்போற? கதவு கெட்டுச்சுனா அப்புறம் ஒருத்தனும் உன்னைக் கூப்பிட மாட்டான்லா."

சனிக்கிழமை பாதிக் கொடி முடிந்திருந்தது. சாப்பிட்டுத் திரும்பினால், கதவு பளபளவென்று கிடக்கிறது. நாடா ஒன்றுகூட இல்லை! கோத்தோங் ரோயோங் என்று ஊர்கூடிக் கூட்டிப் பெருக்க வந்தவர்கள் அத்தனையையும் உரித்துவிட்டிருந்தார்கள்.

"தலைவருதான் உரிக்கச் சொன்னாரு அக்கா, பிள்ளைங்க ஒட்டுன ஸ்டிக்கருன்னு," என்றாள் அவர்களில் ஒருத்தி நவமணி, கையில் துணியோடு.

நாடா போனால் பாதிக் கொடி எங்கே இருக்கிறதென்று மெஷினுக்குத் தெரியாது. ஜெயபாலன் தலையைச் சொறிந்தார். "சரி விடு, பலகை அடிச்சு மறைச்சிரலாம்."

"மறைக்கிறதா? நான் இருக்கிறவரைக்கும் நடக்காதுண்ணே!"

தொழிற்சாலையை விட்ட நாளிலிருந்து அவள் யாரையும் நம்புவதில்லை. எந்த வேலையிலும் முதலில் இரண்டு மூலைகளில் ஊசித்துளை போட்டு, அந்த இடங்களை மெஷினில் பதிந்துவைப்பாள். இப்போது புது நாடா ஒட்டி, கத்தி முனையை இரண்டு துளைகளிலும் தொட்டு மெஷினுக்குக் காட்டினாள். திரையில் இருந்த கொடி வெட்டிய கொடிமேல் போய் உட்கார்ந்தது. ஆனாலும் கத்தியை உயர்த்திவைத்து ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கினாள்.

ஜெயபாலன் பக்கத்திலேயே நின்றார். கடைசி இலைக்கு முன் ஒரு பழைய பலகையில் நாடா ஒட்டி மெஷினை அவரிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தான் பத்து விரலு இருக்கே. தள்ளுங்க."

தள்ளினார். திரையில் தெரிந்த இலைக்கோட்டை விட்டு எங்கேயோ போனார். கத்தி மேலே ஏறிக்கொண்டது. மறுபடி தள்ளினார், மறுபடி ஏறியது. நவமணி வாயைப் பொத்திச் சிரித்தாள். கார்மென் மெஷினை வாங்கிக் கடைசி இலையை முடித்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஜெயபாலன் மெல்ல வந்தார். "பக்கவாட்டுக் கதவும் இருக்கும்மா…"

"மெஷின்தானே செய்யுது? மெஷினையே கூப்பிடுங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். "நீயே வாம்மா, கார்மென்."

"அப்படிச் சொல்லுங்க! செவ்வாய்க்கிழமை வாரேன். ஸ்டிக்கரை மட்டும் தொட்டுறாதீங்க."