யார் கேட்டது என்று ஒரு லிஸ்ட்

அந்த லிஸ்டை மேனேஜரிடம் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் சிலர் இன்றைக்கும் "கம்ப்யூட்டர் ரூம்ல உக்காந்துகிட்டு காட்டிக் குடுத்துட்டா" என்று பாதிக் கதையை மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருஷம் தையல் லைனில் இருந்தேன். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். லைனில் இருந்தபடியே தபால் வழியில் பி.சி.ஏ. முடித்தேன். சர்டிஃபிகேட்டைக் கொண்டுபோய்க் காட்டியதும் என்னை மாடியில் இருக்கும் கம்ப்யூட்டர் ரூமுக்கு மாற்றினார்கள். பதினெட்டுப் படிதான். அந்தப் பதினெட்டுப் படி ஏறியதும் கீழே இருப்பவர்களை நான் மறந்துவிடுவேன் என்று யாராவது நினைத்திருந்தால், ஏமாந்தது அவர்கள்தான்.

வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் ஆள் அனுப்பி ஃபேக்டரியைச் சோதிப்பார்கள். தொழிலாளிகள் சந்தேகம் கேட்க என்ன வசதி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் புகார்ப் பெட்டியைக் காட்டியிருக்கிறார்கள். கேமராவுக்கு நேர் கீழே மாட்டிய பெட்டி அது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பிஸ்கட் கவர் மட்டும் கிடந்ததாம். அதற்குப் பிறகுதான் பர்சனல் மேனேஜருக்கு, மெசேஜில் கேட்டால் கம்ப்யூட்டரே பதில் சொல்லும் சாட்பாட் மேல் ஆசை வந்தது. செய்து தருகிறோம் என்று வெளியே இருந்து ஒரு கம்பெனியும் வந்தது. எங்கள் பெண்கள் கேட்பதெல்லாம் எங்கேயோ இருக்கும் யாருடைய மெஷினுக்கோ போவது எனக்குப் பிடிக்கவில்லை. "நானே போடறேன் சார், நம்ம மெஷின்லயே ஓடும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு வருமா?" என்றார். வரும் என்றேன். அப்போது வராது.

ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து எடுத்தேன். அது தாங்குகிற அளவில் ஒரு சின்ன ஏ.ஐ. மாடலை இறக்கி, அந்தச் சாட்பாட்டைக் கன்டெய்னரில் வைத்தேன். ஆம்பூரில் கன்டெய்னர் என்றால் குழந்தைக்கும் தெரியும். ஷூவை அடுக்கி சீல் வைத்து ஹார்பருக்கு அனுப்புவது. கம்ப்யூட்டரிலும் அதே யோசனைதான். ஒரு புரோகிராமுக்கு வேண்டியதை எல்லாம் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், எந்த மெஷினில் இறக்கினாலும் அடைத்தபடியே ஓடும். பெட்டி கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பெட்டி திறக்கலாம். பக்கத்தில் யாரும் காவல் உட்கார வேண்டியதில்லை. கரண்ட் போய் வந்தாலும் சரி, திணறி விழுந்தாலும் சரி, தானே எழுந்து ஓட வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதினேன். நான் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது.

லீவு விதியும் பஸ் நேரமும் மட்டும் அதற்குப் படிக்கக் கொடுத்தால் போதும் என்றார் மேனேஜர். நான் கம்பெனி விதிப் புத்தகம் முழுவதையும் கொடுத்தேன். கடைசிப் பக்கங்களில், பெண்கள் புகார் கொடுப்பதற்கு ஒரு கமிட்டி இருப்பதாக எழுதியிருந்தது. புத்தகத்தைத் தாண்டி அந்தக் கமிட்டியை யாரும் பார்த்ததில்லை.

சோதித்துப் பார்க்க என் ஃபோனிலிருந்து நான் கேட்ட முதல் கேள்வி, "சூப்பர்வைசர் கையைப் பிடிச்சா யார்கிட்ட சொல்லணும்?" லைனில் இருந்த ஆறு வருஷமும் அதைக் கேட்க எனக்கு ஆள் இருக்கவில்லை. கமிட்டியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்படிக் கொடுத்ததற்காக யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று பாட் பதில் சொன்னது. படித்ததும் அழுதுவிட்டேன். ஒரு மெஷின் சொல்லித்தான் இது எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலும் வந்தது.

கேட் பக்கத்தில், லைனுக்குப் போகும் முன் எல்லோரும் ஃபோனை ஒப்படைக்கும் இடத்தில், என் கையால் எழுதி நோட்டீஸ் ஒட்டினேன். "இந்த நம்பருக்கு மெசேஜ் அனுப்பிக் கேளுங்கள். நீங்கள் கேட்பது யாருக்கும் போகாது."

இனி என் தப்பு. நான் எதையாவது சரிசெய்து கன்டெய்னர் பெட்டியை மாற்றும்போதெல்லாம், பழைய பெட்டியில் இருந்ததும் அதோடு போய்விடும். நேற்று பாதி பேசியவரிடம் பாட் இன்றைக்குப் புதிதாக வணக்கம் சொல்லும். "இன்னா உன் மெஷினுக்கு ஞாபகசக்தி கம்மியா இருக்குது" என்று பஸ்ஸில் ஒரே கிண்டல். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டிக்கு வெளியே ஒரு ஃபோல்டரை இணைத்து, எந்த நம்பரிலிருந்து என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் அங்கே சேரும்படி செய்தேன். ஒழுங்காக எழுதுகிறதா என்று பார்க்க, அதே கேள்வியை என் ஃபோனிலிருந்து மறுபடி கேட்டேன். ஃபோல்டரில் முதல் வரியாக என் நம்பர் விழுந்தது. நோட்டீஸில் நான் எழுதியதையும் ஃபோல்டரில் எழுதப்படுவதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் ஓர் அக்கா உட்காருவார். லைனில் என் எதிர் மெஷினில் இருந்தவர். புருஷன் இறந்துவிட்டார், மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள். பஸ் கிளம்பியதும் அக்காவின் ஃபோன் கைமாறிக் கைமாறிக் கடைசி சீட் வரை போய்த் திரும்பி வரும். மற்றவர்களிடம் ஃபோன் இல்லாமல் இல்லை. வீட்டுக்குப் போனால் புருஷனோ மாமியாரோ அதை வாங்கி நோண்டுவார்கள். எதற்கு இந்தக் கேள்வி, யார் கையைப் பிடித்தான், நீ ஏன் நின்றாய் என்று ஆரம்பித்து, கடைசியில் வேலைக்கே போகாதே என்று முடியும். அக்காவின் ஃபோனை நோண்ட ஆள் கிடையாது. அதனால் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரின் பயமும் அந்த ஒரே நம்பரிலிருந்துதான் போனது.

மூன்று மாசம் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். லைனில் ஒரு பெண் சூப்பர்வைசரிடம் "கையை எடு, கமிட்டில எழுதிக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டாள். அந்தச் சூப்பர்வைசர் நேராக மேனேஜரிடம் வந்து புலம்பியிருக்கிறார்.

"ஏம்மா, பஸ் டைம் சொல்றதுக்குப் போட்ட மெஷின் எதுக்குமா கமிட்டி பத்தி எல்லாம் பாடம் எடுக்குது?"

"உங்க விதிப் புத்தகத்துல இருக்கு சார்."

"பேஜார் பண்ணாதம்மா. இதைக் கேட்டவங்க லிஸ்ட் இருக்கும் இல்ல? நாளைக்குப் பத்து மணிக்கு என் டேபிளுக்கு வரணும்."

என் சீட்டுக்கு வந்து ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அந்தக் கேள்வி முப்பத்தொரு தடவை வந்திருந்தது. முதல் தடவை நான். மிச்சம் முப்பதும் அக்காவின் நம்பர். மேனேஜர் கண்ணுக்கு இது முப்பது பெண்களாகத் தெரியாது. முப்பது தடவை வம்பு இழுத்த ஒரே பொம்பளையாகத் தெரியும். அந்த வாரமே அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் பஸ் கேட்டைத் தாண்டியதும் எழுந்து நின்று, மேனேஜர் லிஸ்ட் கேட்டதை எல்லோரிடமும் சொன்னேன். நம்பரை எழுதி வைத்தது என் தப்பு என்பதையும் சேர்த்துத்தான்.

"யாருக்கும் போகாதுன்னு நீதானே எழுதி ஒட்டினே?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். நியாயம்தான். வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"காலையில போனதும் எல்லாத்தையும் அழிச்சிடறேங்க்கா" என்றேன்.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பினார். "அழிக்காதே. அழிச்சிட்டா நாங்க யாரும் கேக்கவே இல்லன்னு ஆய்டும். அந்த சூப்பர்வைசர் நாளைக்கு இன்னும் ஜாஸ்தியா ஆடுவான். என் நம்பரைக் குடு, நான் பாத்துக்கறேன்."

அவரவர் நிறுத்தத்தில் இறங்கிப் போனார்கள். அக்காவை இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போகிறார்களே என்று எனக்கு அத்தனை பேர் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் காலையில் பஸ் ஏறியபோது, நேற்று கத்தினாளே அவள் கையில் ஃபோன் இருந்தது. அவள் ஒருநாளும் ஃபோனை வெளியே எடுத்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் இருந்தவள் கையிலும் இருந்தது. கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்டில் ஃபோனை ஒப்படைக்கும் வரிசை வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது. மற்ற ஊர் பஸ்ஸில் வந்தவர்களும் அங்கேதான் நிற்பார்கள். எங்கள் பஸ் பெண்கள் அவர்கள் காதில் ஏதோ சொன்னார்கள், அவர்களும் ஒப்படைக்கும் முன் ஃபோனைத் தட்டினார்கள்.

மாடிக்கு ஓடினேன். திரையில் நம்பர் நம்பராக வந்து விழுந்துகொண்டிருந்தது. எல்லாம் வேறு வேறு நம்பர், கேள்வி மட்டும் ஒன்றே. "சூப்பர்வைசர் கையைப் பிடிச்சா யார்கிட்ட சொல்லணும்?" பழைய மெஷின் திணறியது. பாட் விழுந்தது. நான் கை வைக்கவில்லை. தானே எழுந்து, விட்ட இடத்திலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தது. மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. ஷிஃப்ட் மணி அடிக்கும்வரை அப்படியே நடந்தது. வீட்டில் ஃபோனை நோண்டுவார்கள் என்று தெரிந்தேதான் ஒவ்வொருத்தியும் அனுப்பியிருந்தாள். நேற்று இவர்கள் மேல் கோபப்பட்டதற்கு என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பத்து மணிக்கு லிஸ்டை மேனேஜர் டேபிளில் வைத்தேன். ஏழு பக்கம் வந்தது. அக்காவின் நம்பர் அந்தக் கூட்டத்தில் எங்கேயோ இருந்தது. அவர் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தனை பேரா?"

"ஆமா சார்."

"சரி. இதை ஆரம்பிச்சது யாரு? அதைச் சொல்லு."

"முதல் வரியைப் பாருங்க சார். அது என் நம்பர்."

"நீ லைன்லயே இல்லயேம்மா."

"இருந்தேன் சார். ஆறு வருஷம். இதே சூப்பர்வைசர்தான்."

விடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து எழுதிய புகாரை அந்த ஏழு பக்கத்தின் மேல் வைத்தேன். கமிட்டிக்கு என்று மேலே போட்டு, கீழே என் முழுப் பெயரையும் லைனில் இருந்தபோது எனக்குக் கொடுத்திருந்த டோக்கன் நம்பரையும் எழுதியிருந்தேன்.

கமிட்டி முதல் தடவையாகக் கூடியது. சூப்பர்வைசர் இப்போது எங்கள் ஃபேக்டரியில் இல்லை. அக்கா அதே சீட்டில்தான் வருகிறார். ஃபோல்டரை நான் கழற்றிவிட்டேன். இப்போது பாட் பதில் மட்டும் சொல்கிறது, கேட்டது யார் என்று எழுதி வைப்பதில்லை. இதையும் சேர்த்துப் புதிதாக எழுதி ஒட்டலாம் என்று கேட் பக்கம் போனேன். பழைய நோட்டீஸ் இன்னும் கிழியாமல் இருந்தது. "நீங்கள் கேட்பது யாருக்கும் போகாது" என்று நான் எழுதியிருந்ததற்குக் கீழே யாரோ பேனாவால், கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தார்கள்: "போனாலும் பரவாயில்லை."

நான் அதை எடுக்கவில்லை.