மழை அளக்க மட்டும் எழுந்தவன்

யாரையாவது சோம்பேறி என்று ஒருவர் சொல்லக் கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். வீட்டில் அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். இத்தனைக்கும் அந்தச் சொல்லை ஒரு காலத்தில் வாய் ஓயாமல் சொன்னவன் நான். அப்போது என்னிடம் அந்தப் பேச்சு வாங்கியவன் இன்று உயிரோடு இல்லை. அதனால் இதை எழுதுவதில் சங்கடம் எனக்கு மட்டும்தான்.

ஐம்பதுகளின் கடைசி. பழனியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மூன்று வருஷம் வீட்டில் இருந்தேன். விண்ணப்பம் எழுதி எழுதிக் கையெழுத்துதான் அழகானது. தபால்காரர் தெருமுனையில் திரும்பினால் நான் உள்ளே போய்விடுவேன். இன்றும் இல்லை என்று அவர் தலையாட்டுவதைப் பார்க்கப் பிடிக்காது. அப்பா அடிவாரத்தில் தேங்காய் பழக் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்து உட்கார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. படித்த பிள்ளை என்று மரியாதை கொடுத்தார். அதற்கு அவர் நாலு அடி அடித்திருக்கலாம்.

கடைசியில் ஆடலூருக்கு மேலே ஒரு காபித் தோட்டத்தில் ரைட்டர் வேலை கிடைத்தது. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு நிறுத்துவது, யார் எந்தக் காட்டில் என்ன செய்தார்கள் என்று எழுதுவது, இவ்வளவுதான் வேலை. பேர் கூப்பிடுவதை மஸ்டர் என்பார்கள். எனக்கு முன்பே அங்கே ஒரு ரைட்டர் இருந்தான். கன்னிவாடிக்காரன், என் வயதுதான். மதுரையில் இண்டர்மீடியட் படித்து ஒரு பாடத்தில் தவறியவன். தகரக் கூரை போட்ட ஒரே அறையில் ரெண்டு கயிற்றுக் கட்டில் போட்டு இருவரும் இருந்தோம். போன மறுநாளே என்னை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

முதல் நாலைந்து மாதம் அவன் கலகலப்பானவன்தான். தோட்டத்து மானேஜரை எல்லாரும் துரை என்போம், அவர் நம்மூர்க்காரர்தான் என்றாலும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதை அவன் நடந்து காட்டினால் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஐப்பசி பிறந்ததும் அவன் மாறினான். எப்படி ஆரம்பித்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் சவரம் செய்துகொள்ளவில்லை. அப்புறம் குளிப்பதை விட்டான். தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பான். ஒரு காலை நான் மஸ்டருக்குக் கிளம்பும்போது அவன் எழுந்திருக்கவில்லை.

"என்னாப்பா, காச்சலா?"

"இல்ல மாப்ளே. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. கை கால் எங்கிட்டோ கெடக்குற மாதிரி இருக்கு. எந்திரின்னு சொன்னா எந்திரிக்க மாட்டேங்குது."

அன்று அவன் ஆட்களையும் சேர்த்து நானே பேர் கூப்பிட்டேன். மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் போனதும் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ரெண்டு பேர் வேலையை ஒருவன் செய்தால் வராதா? நானும் மூன்று வருஷம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கிடந்தவன்தான். எனக்கும் காலையில் எழுந்திருக்கப் பிடிக்காத நாள் எத்தனையோ. நான் எழுந்திருக்கிறேனே, இவனுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். சோம்பேறி என்றேன், சோத்துக்குச் செத்தவன் என்றேன். அவன் சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. "ஆமா மாப்ளே" என்பான்.

ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "வெள்ளனே எந்திரிச்சுப் பச்சத் தண்ணில குளிச்சா எல்லாஞ் சரியாப் போயிருங்க" என்று சொல்லிப் போனார். ஆடலூரிலிருந்து வந்த கம்பவுண்டர் சிவப்பாக ஒரு மிக்சர் மருந்து கொடுத்தார். என் அம்மா பழனியிலிருந்து அனுப்பியிருந்த விபூதியை நானே அவன் நெற்றியில் பூசினேன். அன்று மட்டும் அவன் கண் கலங்கியது.

இப்படிக் கிடந்தவன் ஒரே ஒரு வேலைக்கு மட்டும் எழுந்தான். எங்கள் அறைக்குக் கீழே கம்பி வேலி போட்ட சின்ன இடத்தில் மழை அளக்கிற டப்பா இருந்தது. செம்பாலான புனல், அதற்கடியில் ஒரு பாட்டில். தினமும் காலை எட்டு மணிக்குப் பாட்டில் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை இஞ்சு, எத்தனை சென்ட் என்று பார்த்து மழைப் புத்தகத்தில் எழுத வேண்டும். நூறு சென்ட் ஒரு இஞ்சு. வருஷக் கடைசியில் அந்தப் புத்தகம் கொடைக்கானலில் இருந்த முதலாளி பங்களாவுக்குப் போகும். அங்கே அதை யாராவது திறந்து பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

நான் மஸ்டர் முடித்துக் காபி குடிக்க வரும் நேரத்தில் அவன் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப்போவான். நாற்பது அடி தூரம்தான். அதற்குள் ரெண்டு தடவை நிற்பான். சேற்றில் முழங்காலை ஊன்றி, குவளையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருப்பான். திரும்பி வந்து, "எழுவத்திரெண்டு" என்று எனக்குச் சொல்வான். எழுதுவான். மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பூஜ்யம் போடுவான்.

"இதுக்கு மட்டும் எப்படிப்பா எந்திரிக்க வருது?" என்று ஒரு நாள் கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "மத்த சோலி நான் செய்யலேன்னா நீ செய்யிற. நாளைக்குக்கூடச் செய்யலாம். இது நேத்துப் பேஞ்ச மழை. இன்னைக்கு அளக்கலேன்னா அப்புறம் யாருக்குமே தெரியாது மாப்ளே."

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துரைதான் எடுத்துக்கொண்டார், வேறு விதமாக. ஒரு நாள் எட்டு மணிக்கு அந்தப் பக்கம் வந்தவர் அவன் சேற்றில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு எரிந்து விழுந்தார். "சீக்கு சீக்குன்னு சொன்னியே. மழை அளக்க எந்திரிக்கிறவனுக்கு மஸ்டருக்கு எந்திரிக்க முடியாதா? வேசம் போடுறான். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அப்புறம் மூட்டையைக் கட்டச் சொல்லு."

நான் திட்டினாலும் அவன் என் சினேகிதன். அந்த வேலை போனால் அவனுக்கு வேறு வேலை கிடைக்காது என்பது மூன்று வருஷம் தபால்காரருக்குப் பயந்தவனுக்குத் தெரியாதா? இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் முழுசாகப் படுத்துவிட்டால் துரை நம்புவார், லீவு கொடுப்பார். பாதி நோயாளிக்குத்தான் இங்கே இடமில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

"இனிமே நீ எந்திரிக்காத. மழைய நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவன் முகத்தில் பயம் தெரிந்தது. "வேணாம் மாப்ளே. அது நான் செய்யிறேன்."

"அதுனாலதானப்பா ஒன்னைய வேசம்ங்கிறாரு. பத்து நாளு படு. லீவு வாங்கித் தர்றேன்."

கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். பிறகு, "சரியா எட்டு மணிக்குப் போவியா?" என்றான்.

"போறேன்."

"கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்கணும். மேல இருந்து பாத்தா ஒண்ணு ரெண்டு கூடக் காட்டும்."

"பாக்கிறேன்பா."

ஐந்து நாள் ஒழுங்காகப் போனேன். ஒவ்வொரு நாளும் நான் உள்ளே வந்ததும் அவன் திரும்பி, எவ்வளவு என்று கேட்பான். சொன்னதும் தலையை ஆட்டிக்கொள்வான். அப்போது அவன் கொஞ்சம் சாப்பிட்டான்கூட.

ஆறாம் நாள் விடிந்ததிலிருந்து மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தகரத்தில் விழுகிற சத்தத்தில் பேசினால் கேட்காது. ஆட்களுக்கு வேலை இல்லை, மஸ்டர் இல்லை என்று மேஸ்திரி குரல் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நாளாக நனைந்து கனத்துக்கிடந்த என் கம்பளி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு அன்றுதான் காய்ந்திருந்தது. எட்டு மணி ஆனது. எழுந்து கம்பளியைத் தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. அதை மறுபடி நனைக்க மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இவ்வளவுதான் காரணம். நாற்பது அடி நடக்கச் சோம்பல்பட்டேன்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன். மேசையில் உட்கார்ந்து சத்தத்தை வைத்து உத்தேசமாக ஒரு இஞ்சு நாற்பது சென்ட் என்று எழுதினேன். மையை ஒற்றினேன்.

"எவ்வளவு?" என்றான்.

"ஒண்ணு நாப்பது."

"பாட்டில் வழிஞ்சிருந்துச்சா?"

"இல்ல."

மெதுவாகத் திரும்பினான். என் தலைமுடியைப் பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய கம்பளியைப் பார்த்தான். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"சரி" என்றான். மறுபடி திரும்பிக்கொண்டான்.

அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். பாட்டில் அங்கேதான் இருந்தது, தண்ணீரும் இருந்தது. மானம் போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போனபோது பாட்டிலில் ரெண்டு நாள் மழை நிறைந்திருந்தது. அளந்து, ஒண்ணு நாற்பதைக் கழித்து மிச்சத்தை எழுதினேன். மொத்தத்தில் ஒரு சொட்டும் குறையவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே வந்தேன். அவன் எவ்வளவு என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. எட்டு மணிக்கு நான் வேண்டுமென்றே சத்தமாக எண்ணைச் சொல்வேன். அவன் தோள்கூட அசையாது. சாப்பாடு நின்றது. வெந்நீர் வைத்துக் கொடுத்தால் ரெண்டு மடக்குக் குடிப்பான். நான் கெஞ்சினேன். "நீயே போய் அள மாப்ளே, தொரை என்ன சொன்னாலும் சொல்லட்டும்" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன். துணியைத் தூக்குவது போல வந்தான், விட்டதும் விழுந்தான். மழைப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவன் தலைமாட்டில் வைத்தேன். தொடவில்லை.

துரை வந்து பார்த்தார். நான் எதிர்பார்த்தபடியே இந்தத் தடவை நம்பினார். முகமே மாறிவிட்டது. ஆனால் லீவு கொடுக்கவில்லை. "இப்பிடிக் கெடக்குறவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வீட்டுல கொண்டுபோய் விடுங்க" என்றார். மூங்கிலில் கம்பளியைக் கட்டி டோலி செய்து, நாலு ஆட்கள் அவனைக் கன்னிவாடிக்கு இறக்கினார்கள். பள்ளத்தாக்குத் திருப்பம் வரை நான் கூடவே நடந்தேன். அவன் கண்ணைத் திறந்துதான் இருந்தான். வானம் வெளுத்திருந்தது, அன்று மழை இல்லை.

மூன்று வருஷம் நான் அவனைப் பார்க்கப் போகவில்லை. சந்தை நாளில் தோட்டத்துச் சோலியாகக் கன்னிவாடிக்குப் போனாலும் அவன் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். கடைசியில் ஒரு கார்த்திகை மாதம் போனேன். அவன் அம்மா வாசலில் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. நீங்கதான அங்கிட்டு அவனைப் பாத்துக்கிட்டீங்க. அவன் யாருகிட்டயும் பேசுறதில்லங்க. நீங்க வந்தீங்கன்னாவது ஒரு வார்த்த பேசுறானான்னு பாப்போம்."

உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தான். தாடி நெஞ்சுவரை இருந்தது. இருபத்தைந்து வயசுக்காரன் என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டம், மேஸ்திரி, துரையின் நடை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். வெளியே தூறல் ஆரம்பித்தது. ஓட்டில் சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்தினான்.

"அந்த ஒண்ணு நாப்பத அடிச்சிட்டியா?"

புத்தகம் கொடைக்கானலுக்குப் போய் வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த எண்ணைக் கோடு போட்டு நான் அடிக்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அவன் யாரிடமும் கேட்ட ஒரே கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"அடிச்சிட்டேன் மாப்ளே. அன்னைக்கே அடிச்சிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தான், அன்று கம்பளியைப் பார்த்த மாதிரியே.

"சரி" என்றான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அவன் அம்மா டம்ளரோடு உள்ளே வந்து, "பேசுனானா தம்பி?" என்று கேட்டார். பேசினான் என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியை என் கையில் கொடுத்தார். நான் அதைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.