முழங்காலில் சாயும் நாய்

காஜா அக்கா என்றுதான் அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள். சட்டையில் பித்தான் நுழைகிற துளைக்குக் காஜா என்று பேர். அதைச் சுற்றி நூல் பின்னித் தைப்பதுதான் அவள் பிழைப்பு. தையல்கடைக்காரர் சட்டைகளை மூட்டையாகக் கட்டி அனுப்புவார். ஜன்னலோரம் உட்கார்ந்தாளானால் கண் வலிக்கிறவரை தைப்பாள். வெளியே வேலைக்குப் போக முடியாது. கல்யாணமும் அமையவில்லை. இரண்டுக்கும் காரணம் வலிப்பு.

வலிப்பு அந்தக் குடும்பத்துக்குப் புதிதில்லை. அவளுடைய அத்தைக்கு, அதாவது அப்பாவின் கூடப்பிறந்த தங்கைக்கு இருந்தது. அத்தைக்கு முந்தி அப்பாவின் சித்திக்கு. அந்தச் சித்தியின் மகளுக்கு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே வலிப்பு வந்தது; வந்தவர்கள் கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

ஆண்கள் பக்கம் அது கிடையாது. அவர்கள் ராசி வேறு. அப்பா கடைகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர். பட்டப்பகலில் ஏணியிலிருந்து விழுந்து செத்தார். சித்தப்பா சந்தை வாசலில் ரோட்டைக் கடக்கும்போது நட்டநடுவில் நின்றுவிட்டார். வந்த லாரி நிற்கவில்லை. பெரியப்பா மகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து போனான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். "இந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு வலிப்பு, ஆம்பளைங்களுக்குப் பராக்கு." கேட்டுக் கேட்டு வீட்டாரும் அதையே நம்பிவிட்டார்கள்.

அக்காவுக்கு மிஞ்சியவர்கள் இரண்டு தம்பிகள். பெரியவன் லிஃப்ட் மெக்கானிக்; பெண்டாட்டி போய்ச் சேர்ந்தபிறகு அக்காவோடு வந்து இருந்துகொண்டான். சின்னவன் பஸ் டிரைவர். பெண்டாட்டி பிள்ளையோடு வேறு தெருவில் இருந்தான். வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

ஒருநாள் பெரியவன் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் புகை. அடுப்பில் பாத்திரம் கருகி ஓட்டையாகிக் கிடக்கிறது, அக்கா அடுப்படியில் நெற்றி கிழிந்து கிடக்கிறாள். அன்றைக்கு அவன் பயந்துவிட்டான். கூட வேலை செய்கிறவர் ஒருவர் சொன்னாராம், சில நாய்களுக்கு வலிப்பு வரப்போவது முன்னாலேயே தெரியும் என்று. அதைப் பிடித்துக்கொண்டான்.

"நாயா? இந்தப் பொந்துலயா?" என்றாள் அக்கா.

"பொந்துக்கு ஏத்த நாயாப் பாப்போம்."

அங்கேதான் தலைவலி. கட்டடத்துச் சங்கச் செயலாளர் ஒரு பல் டாக்டர். நாய் வளர்க்கலாம், குரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அங்கே பாதிப் பேர் இரவு வேலைக்குப் போய்விட்டுப் பகலில் தூங்குகிறவர்கள். அதனால் அக்காவும் தம்பிகளும் உட்கார்ந்து பெண் பார்ப்பது மாதிரி நாய் பார்த்தார்கள். சடைசடையாய் முடி வைத்த குட்டை நாய் வேண்டாம், படிக்கட்டில் காலடி கேட்டாலே ஊரைக் கூட்டும். லாப்ரடார் நல்ல நாய்தான், ஆனால் அதற்கு ஓட இடம் வேண்டும், உதிர்க்கிற முடி வெள்ளைச் சட்டையில் ஒட்டினால் தையல்கடைக்காரர் சும்மா விடமாட்டார். சப்பை மூக்கு பக் நாயைச் சின்னவன் சொன்னான்.

"அது விடுற குறட்டைக்கு அண்ணனே தேவலாம்னு பல் டாக்டர் சொல்லிடுவாரு" என்று அவனே அதைத் தள்ளியும் விட்டான்.

அல்சேஷன் அக்காவுக்கு ஆசை. பெரியவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வேலை குடுக்கலன்னா அது கதவைத் தின்னும்க்கா."

கடைசியில் நாய் வளர்த்து விற்கிற அம்மாள் ஒருத்தியிடம் போனார்கள். அவள் அக்காவின் நெற்றித் தழும்பைப் பார்த்தாள், வீடு எத்தனை பெரிசு என்று கேட்டாள், பிறகு உள்ளே போய்ச் சாம்பல் நிறத்தில் ஒல்லியாய் உயரமாய் ஒன்றைக் கூட்டி வந்தாள். கிரேஹவுண்டு.

"இது ஓடுற நாயாச்சேம்மா" என்றான் பெரியவன்.

"ஓடுனா காத்து மாதிரி ஓடும். ஓடாத நேரம் பூரா தூங்கும். குரைக்கிறது அபூர்வம், முடியும் கொட்டாது. பிளாட்டுக்கு இதைவிட ஏத்தது கிடையாது. ஒண்ணு மட்டும் சொல்றேன், இந்த ஜாதி மனுஷங்க மேல சாயும். நிக்கிறப்பவே வந்து ஒருக்களிச்சு சாஞ்சுக்கும். பயந்துராதீங்க, அது பாசம்."

வீட்டுக்கு வந்த நாயைச் சின்னவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "அண்ணே, நாயக் கேட்டா துணி காயப்போடுற ஸ்டாண்டக் குடுத்து அனுப்பியிருக்காங்களே!" அதற்கப்புறம் அதன் பேர் ஸ்டாண்டு என்றே ஆகிவிட்டது.

அந்த அம்மாள் சொன்னபடிதான் ஸ்டாண்டு இருந்தது. பகலெல்லாம் சோபாவில் கிடந்தது. குரைக்கவே இல்லை, பல் டாக்டரே லிஃப்டில் பார்த்து, "இது உயிரோடதான் இருக்கா?" என்று கேட்டார். அக்கா பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து இடுப்பை அவள் தொடையில் சாய்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு முற்பகல் தைத்த சட்டையை மடித்து வைக்க அவள் எழுந்தபோது அது வேறு மாதிரி சாய்ந்தது. நேர் எதிரே வந்து, நெஞ்சை அவள் முழங்காலில் வைத்து, முழு பாரத்தையும் போட்டுத் தள்ளியது. அதன் உடம்பு நடுங்கியது. கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. "என்னடா?" என்றபடி அவள் உட்கார்ந்தாள். அப்புறம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. முழித்தபோது தரையில் பத்திரமாகப் படுத்திருந்தாள். ஊசி தூரத்தில் கிடந்தது. நாய் பக்கத்தில் கிடந்தது.

அன்றிலிருந்து அவளுக்குப் பாஷை பிடிபட்டது. இடுப்பால் சாய்ந்தால் பாசம். நெஞ்சால் சாய்ந்தால் உடனே அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். பெரியவனுக்கு மனசு குளிர்ந்தது. வீடு கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி கலைந்தது இப்படித்தான். பெரியவன் காலையில் செருப்பு மாட்டும்போது ஸ்டாண்டு வந்து அவன் முழங்காலில் நெஞ்சைப் போட்டுத் தள்ளியது.

"பாருக்கா, என்னையும் அக்கான்னு நெனச்சிருச்சு" என்று சிரித்தான்.

அக்காவும் சிரித்தாள். ஆனால் சில நாள் கழித்துச் சாப்பிடும்போது மறுபடி அதே மாதிரி வந்து சாய்ந்தது. அவன் அதைத் தள்ளிவிட்டு ஒரு கவளம் எடுத்தான். கை வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றது. கண் சுவரைப் பார்த்தது. சுவரில் ஒன்றும் இல்லை. இடதுகை தானாக மேலே போய்ச் சட்டையின் இரண்டாம் பித்தானைப் பிடித்துத் திருகியது, காஜாவை நகத்தால் நெருடியது, மறுபடி திருகியது. அக்கா கூப்பிட்டாள். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கவளம் வாய்க்குள் போனது.

"என்னடா ஆச்சு?"

"என்ன ஆச்சு? வேற நெனப்பு. குழம்புல உப்பு கம்மி, அதான்."

அக்காவுக்குச் சட்டைகள் நினைவு வந்தன. சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டு ஆண்களின் கிழிசலை எல்லாம் தைத்தவள் அவள்தான். காஜா தைக்கப் பழகியதே அதில்தான். அப்பா சட்டையில் எப்போது பார்த்தாலும் இரண்டாவது காஜா நைந்திருக்கும். "ஏம்ப்பா இங்கயே பிய்யுது?" என்று கேட்டால், "தெரியலயேம்மா" என்பார். சித்தப்பா சட்டையிலும் அதே இடம். சாரத்திலிருந்து விழுந்தவனின் சட்டையை ஆஸ்பத்திரியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் இரண்டாவது பித்தானே இல்லை. விழுந்ததில் தெறித்திருக்கும் என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள்.

பராக்கு இல்லை. பராக்கு என்று ஒன்று அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பெண்களைக் கீழே தள்ளி வாயில் நுரை வரவைத்த அதே வலிப்பு ஆண்களிடம் ஓசையில்லாமல் வந்து போயிருக்கிறது. ஏணிமேல் நிற்கும்போது வந்திருக்கிறது.

பெரியவனோ லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவன். கீழே பார்த்தால் இருட்டுக் கிணறு.

அவள் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான், பிறகு முகம் சுண்டியது.

"நாய் சாஞ்சதுக்கும் பித்தான் பிஞ்சதுக்கும் முடிச்சுப் போடுறியா?"

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாடா."

"கேட்டா அவரு எழுதிக் குடுத்துருவாரு. அப்புறம் கம்பெனியில என்னை மேல ஏத்துவாங்களா? உன்கூட உக்காந்து காஜா எடுக்கச் சொல்றியா?"

"எடு. உசுரோட இருந்து எடு."

"அக்கா, விடு."

அன்றைக்கு அவர்கள் கட்டடத்து லிஃப்டே மாடிகளுக்கு நடுவில் நின்று நின்று போகிறது என்று அவனைத்தான் போட்டிருந்தார்கள். செருப்பு மாட்டும்போது ஸ்டாண்டு வந்துவிட்டது. நெஞ்சு, நடுக்கம், கண். அவன் அதன் தலையைத் தட்டித் தள்ளினான். அது திரும்ப வந்தது. திரும்பத் தள்ளினான். அக்கா வாசலை மறித்து நின்றாள்.

"விழாம பிடிச்சுக்கிற அந்த இடுப்பு பெல்ட்டையாவது மாட்டு. என் கண்ணு முன்னாடி மாட்டு."

"கூண்டு மேல அதெல்லாம் எவனும் மாட்டுறதில்லக்கா, கையி காலுல தட்டும்."

"மாட்டுறியா, நான் வெளிய வந்து கத்தவா?"

மாட்டினான். "உனக்காகத்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

கதவு மூடியதும் ஸ்டாண்டு அதை நகத்தால் பிறாண்ட ஆரம்பித்தது. அந்த வீட்டில் அது அப்படிச் செய்தது கிடையாது. அக்கா தனியாக வெளியே வந்து எத்தனையோ காலமாயிற்று. இருந்தாலும் கதவைத் திறந்தாள். நாய் நேராக லிஃப்ட் வாசலுக்குப் போய் மூடிய தகட்டில் மூக்கை வைத்தது. உள்ளே, மேல்பக்கம் எங்கேயோ, பெரியவன் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டினான். தட்டினான். நின்றது.

"டேய் பெரியவனே!"

கிணறு அவள் குரலைத்தான் திருப்பிக் கொடுத்தது. அப்புறம் சுத்தியல் விழுந்தது. ஒவ்வொரு தளமாக இடித்துக்கொண்டு கீழே போகிற சத்தம் அவள் முன்னால் கடந்து போனது.

ஸ்டாண்டு குரைத்தது. அதற்குள் அப்படி ஒரு தொண்டை இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கட்டடமே அதிர்ந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் கதவைத் திறந்தார்கள். பல் டாக்டர் லுங்கியோடு ஓடி வந்தார்.

"குரைக்காதுன்னு சொல்லித்தானம்மா வாங்குனீங்க!"

"டாக்டரே, என் தம்பி உள்ள இருக்கான். கதவத் திறங்க."

மேல்தளத்துக் கதவைத் திறந்து பார்த்தபோது அவன் கூண்டின் ஓரத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தான். கூண்டுக் கம்பியில் கொக்கி போட்டிருந்த இடுப்பு பெல்ட் பிடித்திருந்தது. ஒரு கால் சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. கண் திறந்தே இருந்தது, யாரையும் பார்க்கவில்லை. இடதுகை விரல்கள் மட்டும் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தன.

உயிர் தப்பியது, கால் தப்பவில்லை. ஆஸ்பத்திரியில் தலைக்கு ஒயர் மாட்டிப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது அக்கா சொன்னதுதான்.

வீட்டுக்குக் கூட்டி வந்தபிறகு அவன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அக்கா தைப்பதையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் தானாகக் கை நீட்டி ஊசியைக் கேட்டான். அவள் நூல் கோத்துக் கொடுத்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் சின்னவன் வந்தான். பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, உடுப்போடு, அண்ணனை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவன்.

"என்ன அண்ணே, நீயும் காஜாவா? ஸ்டாண்டுக்கும் ஒரு ஊசி குடுத்துரு, குடும்பத் தொழிலாப் போகட்டும்."

பெரியவன் லேசாகச் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறானே என்று அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலடியில் படுத்திருந்த ஸ்டாண்டும் தலையைத் தூக்கியது. மெல்ல எழுந்தது. அறையைக் கடந்து நேராகச் சின்னவன் எதிரே போய் நின்றது. அவன் முழங்காலில் நெஞ்சை வைத்தது.

"தள்ளுடா. பஸ்ஸு பூரா ஆளு உக்காந்திருக்கு, நான் கெளம்பணும்."

நாய் நகரவில்லை. அதன் முதுகு நடுங்குவது அக்காவுக்குத் தெரிந்தது. அவள் கண் சின்னவனின் சட்டைக்குப் போனது. அந்தச் சட்டைகளை அவன் பெண்டாட்டிதான் பார்த்துக்கொள்வாள், அக்கா கைக்கு வந்ததே இல்லை. இரண்டாவது காஜா நைந்து நூல் நூலாகத் தொங்கியது. பித்தானை யாரோ வேறு நிற நூலால் திரும்பத் திரும்பத் தைத்திருந்தார்கள்.

பெரியவன் கையிலிருந்த ஊசி நின்றுவிட்டது. அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா எழுந்தாள். வாசல் கதவை உள்பக்கம் பூட்டினாள். சாவியைச் சட்டை மூட்டைக்குள் செருகி, மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். தெருமுனையிலிருந்து பஸ்ஸில் இருக்கிறவர்கள் யாரோ பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தார்கள்.

"என்னக்கா வெளையாட்டு இது, சாவியக் குடு. ஜனம் கத்துது பாரு. நான் போயி..."

பேச்சு அங்கேயே நின்றது. அவன் கண் அவளைத் தாண்டிச் சுவருக்குப் போனது. கை மெல்ல மேலே ஏறிப் பித்தானைத் தேடிக்கொண்டது.